முட்டி ஜவ்வும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து முழங்கால் ஸ்கேன் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்று நம் ஊரில் சொன்னால், அது மூன்று பாகங்களில் எதுவாகவும் இருக்கலாம். எலும்போடு எலும்பைக் கயிறு போலக் கட்டிவைத்திருக்கும் லிகமென்ட் ஒன்று. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் மெத்தையாகக் கிடக்கும் மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்பு முனையில் வழவழவென்று படிந்திருக்கும் குருத்தெலும்பு மூன்றாவது. மூன்றும் காயப்படும் விதம் வேறு, வைத்தியம் வேறு, ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசரமும் வேறு. யாராவது ‘ஜவ்வு’ என்றால் ‘எந்த ஜவ்வு?’ என்று கேட்டு, பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. கபடியில் ரெய்டு போனவன் காலை ஊன்றித் திரும்பும்போது முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாம். ஒரு மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. இப்போது 12 நாள் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, நேராக நடக்கிறான். ஆனால் மாடிப்படி இறங்கும்போது முட்டி நழுவுகிறது என்கிறான். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கெட்டுப்போகுமா? (ஒரு தந்தை, செம்மண்டலம்)

பதில்: எடுக்க வேண்டும். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிய அவசரம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மேலே யாரும் வந்து மோதாமல், ஊன்றிய கால் மேல் உடம்பு திரும்பியிருக்கிறது, சத்தம் கேட்டிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் வீங்கியிருக்கிறது, பிறகு நழுவுகிறது. இந்த நான்கும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏ.சி.எல். என்கிற முன் குறுக்கு லிகமென்ட். வீக்கம் எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது முக்கியமான தடயம். ஓரிரு மணி நேரத்தில் வந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். லிகமென்ட் அறுந்திருக்கலாம், எலும்பு உடைந்திருக்கலாம், முட்டிச் சில்லு விலகித் திரும்பியிருக்கலாம். மறுநாள் காலையில் மெதுவாக வீங்கினால் அது பெரும்பாலும் மெனிஸ்கஸ் காயத்தில் ஊறும் நீர்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்பதால் ஏ.சி.எல். நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் அதே படத்தை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், வெளிப்பக்க ஓரத்தில், நகத்துணுக்கு அளவுக்கு ஒரு சிறு எலும்புச் சீவல் பிரிந்து நின்றால் அதற்கு ‘செகாண்ட்’ (Segond) முறிவு என்று பெயர். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். அது இருக்கும் முட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஏ.சி.எல். அறுந்திருக்கும். அவசரத்தில் பார்ப்பவர்கள் தவறவிடும் இடம் அதுதான்.

அடுத்தது கைப் பரிசோதனை. லாக்மன் சோதனைக்கு முட்டியை 20 முதல் 30 டிகிரி வரை மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல லிகமென்ட் இருந்தால், துறைமுகத்தில் படகைக் கட்டிய கயிறு விறைத்து நிற்பதுபோல ‘டக்’ என்று நிற்கும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தமே இருக்காது. கால் தளதளவென்று முன்னால் வரும். நல்ல காலையும் இதேபோல இழுத்து ஒப்பிடாமல் முடிவு சொல்லக் கூடாது, சிலருக்கு இரண்டு முட்டியும் பிறவியிலேயே தளர்வாக இருக்கும். அடிபட்ட அன்று இந்தச் சோதனை பல நேரம் ஏமாற்றிவிடும். வலியில் தொடையின் பின்தசை இறுகிக் கீழ்க்காலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் 10 முதல் 14 நாளில் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்கிறோம். உங்கள் மகன் சரியாக அந்த நாளில்தான் இருக்கிறான். முதல் நாள் பார்த்த மருத்துவரிடமே இப்போது ஒருமுறை காட்டுங்கள். லாக்மன் தளர்வாக இருந்தாலும், நழுவல் தொடர்ந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுப்பது சரியான செலவு. ஏ.சி.எல். அறுந்ததை உறுதிப்படுத்துவதோடு, கூடவே மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறதா என்றும் அது காட்டும். ஆபரேஷனை எப்போது, எப்படிச் செய்வது என்பதை அந்த இரண்டாவது தகவல்தான் பெரும்பாலும் முடிவுசெய்கிறது.

ஆபரேஷன் அவசரமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுவீடனில் 18 முதல் 35 வயதுக்குள் ஏ.சி.எல். அறுந்த 121 பேரை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பிரிவுக்கு முதலில் முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். 2 ஆண்டு கழித்து இரு பிரிவினரின் முட்டி நிலையிலும் வித்தியாசம் இல்லை. பயிற்சிப் பிரிவின் 59 பேரில் 23 பேருக்கு மட்டுமே அதற்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. திரும்பித் திரும்பி ஓட வேண்டிய கபடிக்கே போகப்போகிறான் என்றால், நழுவும் முட்டியோடு களம் இறங்க விடாதீர்கள். ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிக்கும். ஆபரேஷன் முடிவானாலும், வீக்கம் முழுதும் வடிந்து, கால் முழுக்க நீட்ட வந்த பிறகே செய்ய வேண்டும். வீங்கிய, விறைத்த முட்டியில் அவசரப்பட்டுச் செய்தால் உள்ளே தழும்பு கட்டி முட்டி மடங்காமல் போகக்கூடும்.

அதுவரை தினமும் செய்ய வேண்டியது: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்துவதுபோல முன்தொடையை 10 விநாடி இறுக்கி விட வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்கு 4 தடவை. சாயங்காலம் வீக்கம் திரும்பினால் 15 முதல் 20 நிமிடம் ஐஸ் ஒத்தடம். ஐஸைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். கிரேப் பேண்டேஜ் 15 செ.மீ. அகலத்தில் வாங்கி, கெண்டைக்காலின் நடுவில் தொடங்கி மேல்நோக்கித் தொடையின் நடுவரை சுற்றுங்கள். முட்டியை மட்டும் இறுக்கிச் சுற்றினால் பாதம் வீங்கும். எண்ணெய் தேய்த்து நீவி விடுவதும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதும் வேண்டாம். உள்ளே ரத்தம் கட்டிய மூட்டை நீவினால் கசிவு கூடும். வாரக்கணக்கில் கட்டி வைத்தால் தொடை சூம்பி முட்டி விறைக்கும்.

கேள்வி: ஸ்கூட்டி மணலில் சறுக்கி விழுந்ததில் முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது. லேசான வீக்கம். நொண்டி நொண்டி நடக்க முடிகிறது. எங்கள் குடும்ப டாக்டர் கையால் பார்த்துவிட்டு எக்ஸ்ரேகூட வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடு என்கிறார்கள். எனக்கு 35 வயது. (வில்லியனூர் வாசகி)

பதில்: உங்கள் டாக்டர் சரியான வழியில்தான் போகிறார். எக்ஸ்ரே யாருக்கு வேண்டும் என்பதற்கு ஒட்டாவா விதி என்று உலகம் முழுதும் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. வயது 55 அல்லது அதற்கு மேல். முட்டிச் சில்லை மட்டும் அழுத்தினால் வலி. கீழ்க்காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் தலையை, அதாவது மேல்முனையை, அழுத்தினால் வலி. 90 டிகிரி மடக்க முடியாமை. அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்தபோதும் 4 எட்டு வைக்க முடியாமை. இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் எலும்பு முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நொண்டியபடி வைத்தாலும் 4 எட்டு 4 எட்டுதான்.

உள்பக்க வலிக்குக் காரணம் பெரும்பாலும் உள்பக்க லிகமென்ட் இழுபட்டதுதான். மூட்டைப் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்ததில் அது திறந்துகொள்ளவில்லை என்றால் 2 முதல் 3 வாரத்தில் ஆறிவிடும். கொஞ்சம் திறந்தால் 4 முதல் 6 வாரம் ஆகும். இந்த லிகமென்டுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஸ்கேன் எடுத்தாலும் இதே ஓய்வும் இதே பயிற்சியும்தான். நெதர்லாந்தில் 18 முதல் 45 வயதுக்குள் முட்டியில் அடிபட்ட 356 பேரை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தார்கள்: குடும்ப மருத்துவரே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினால் நோயாளிக்கு லாபமா? 2018இல் வந்த முடிவு, வழக்கமான கவனிப்பைவிட அதில் செலவுக்கேற்ற பயன் இல்லை என்பதுதான்.

‘ஸ்கேனில் என்ன வந்தாலும் என் வைத்தியம் மாறுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். ‘மாறாது’ என்றால் காத்திருக்கலாம். ‘மாறும்’ என்றால், எப்படி மாறும் என்று அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

காத்திருக்கும்போது முட்டி நழுவினாலோ, நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, 6 வாரம் கழித்தும் வலி குறையாவிட்டாலோ திரும்பப் போக வேண்டும். சிக்கிக்கொள்வதை வீட்டிலேயே பார்க்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே உள்ள பகுதி கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வையுங்கள். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருந்தால் நல்லது. அடிபட்ட காலின் குதி உயர்ந்தே நின்று, அழுத்தினால் ரப்பர் போல எதிர்த்தால், மெனிஸ்கஸ் வாளிக் கைப்பிடி போலக் கிழிந்து மூட்டின் நடுவே புரண்டு கிடக்கலாம். முதல் சில நாளில் வலியினாலும் இப்படி இருக்கும். ஒரு வாரம் தாண்டியும் நீடித்தால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் கிழிசலைச் சீக்கிரம் பார்த்தால் தைத்துவிடலாம். நாள் கடந்தால் பல நேரம் வெட்டி எடுக்க வேண்டி வரும்.

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதும்போது சீட்டில் ‘முட்டி வலி, எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் இருந்தால் இன்னும் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். வலதா இடதா, என்றைக்கு, எப்படி அடிபட்டது, பரிசோதனையில் என்ன தெரிந்தது, எதைச் சந்தேகிக்கிறார், அந்த முட்டியில் முன்பு ஆபரேஷன் நடந்ததா. இந்த விவரம் இருந்தால், படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பார். இல்லையென்றால் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவார். அதில் எது முக்கியம் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கேள்வி: வயது 58. பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் வேலை. அடி எதுவும் படவில்லை, 2 வருடமாக வலது முட்டி வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘உள்பக்க மெனிஸ்கஸ் பின்கொம்பில் கிரேடு 3 கிழிசல், வெளிப்பக்கத்தில் கிரேடு 2, பேக்கர் சிஸ்ட்’ என்று வந்திருக்கிறது. துளை போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, பயம் வேண்டாம். ரிப்போர்ட்டை வரி வரியாகப் பார்ப்போம். மெனிஸ்கஸ் ஸ்கேனில் கறுப்பு முக்கோணமாகத் தெரியும். பின்கொம்பு என்பது அந்தப் பிறையின் பின்பக்கப் பகுதி. கிரேடு 1, 2 என்றால் அந்தக் கறுப்புக்குள் வெள்ளைக் கோடு தெரிகிறது, ஆனால் மேற்பரப்பைத் தொடவில்லை என்று பொருள். அது கிழிசலே இல்லை, வயதின் தேய்வு. கிரேடு 3 மட்டுமே மேற்பரப்பு வரை வந்த கிழிசல். பேக்கர் சிஸ்ட் என்பது மூட்டு நீர் பின்பக்கம் பிதுங்கிய பை. மூட்டு அமைதியானால் அதுவும் பெரும்பாலும் சுருங்கும்.

ஆக மிச்சம் இருப்பது ஒரு கிழிசல். உங்கள் வலிக்குக் காரணம் அதுதானா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். சுமார் 35 சதவீதம் பேருக்கு மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியோ விறைப்போ இல்லவே இல்லை. தலை நரைப்பதுபோல மெனிஸ்கஸும் நைகிறது. வலிக்காத முட்டியைப் படம் எடுத்தாலும் கிழிசல் தெரியும் என்னும்போது, படத்தில் தெரிந்த ஒரே காரணத்துக்காக அதை வெட்டக் கூடாது.

வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் உங்களைப் போலத் தேய்வுக் கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான ஆபரேஷனும், மறுபாதிக்கு துளை மட்டும் போட்டு மெனிஸ்கஸைத் தொடாமல் விடுவதுமாகச் செய்தார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 2013இல் வெளியான முடிவின்படி 12 மாதத்தில் வலியில் வித்தியாசம் இல்லை. இதையும் இதுபோன்ற ஆய்வுகளையும் அலசிய பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று 2017இல், தேய்வு முட்டிக்கு இந்த ஆபரேஷனைச் செய்யக் கூடாது என்றே அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். குத்த வைத்து எழும்போது பின்முட்டியில் திடீரென்று ‘படக்’ என்று ஏதோ விட்டதுபோல உணர்ந்து, அந்த நிமிடத்திலிருந்து கடும் வலி வந்தவர்களுக்கு மெனிஸ்கஸை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் வேரே அறுந்திருக்கலாம். அதைத் தைக்க முடியுமா என்று சீக்கிரமே எலும்பு மருத்துவரிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு 2 வருடமாக மெதுவாகக் கூடிய வலி. அது வேறு கதை.

உங்களுக்கு எம்.ஆர்.ஐ.க்கு முன்பே எடுத்திருக்க வேண்டியது நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே. படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். உடம்பு எடை இறங்கும்போதுதான் தேய்மானம் வெளியே வரும். இரண்டு முட்டியையும் ஒரே படத்தில் நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செலவு எம்.ஆர்.ஐ.யில் சிறு பங்குதான்.

முந்திரி உடைப்பதைத் தரையில் குந்தி உட்கார்ந்து செய்வதை விட்டு, 45 செ.மீ. உயர ஸ்டூலும் அதற்கேற்ற மேசையும் கேளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்து எட்டு நடங்கள். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, வலிக்கும் காலை நீட்டியபடி ஒரு சாண் உயர்த்தி 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, காலை மாலை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை. முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம், அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நாலு நாள் செய்துவிட்டு ‘கேட்கலை’ என்று விட்டுவிடாதீர்கள். எடை கூடுதலாக இருந்தால், உடம்பில் 1 கிலோ குறையும்போது ஒவ்வொரு எட்டிலும் முட்டி மேல் இறங்கும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட வேண்டாம். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுக்கத் தாலியைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். முட்டிக்குத்தானே ஸ்கேன்? என் கணவருக்குத் தொடையில் பழைய பிளேட் இருக்கிறது, அவர் எடுக்கலாமா? (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: கழற்றத்தான் வேண்டும். எம்.ஆர்.ஐ. மெஷின் என்பதே ஒரு பெரிய காந்தம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆபத்து தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கில் இருக்கிறது. அது எஃகு. 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு) காந்தத்துக்குப் பக்கத்தில் போனதும் அம்பு போலப் பறக்கும், கண்ணைக் குத்தும். தாலி, மெட்டி, கொலுசு, அரைஞாணில் கோத்த தாயத்து, கொண்டை ஊசி, உலோகக் கொக்கி வைத்த உள்ளாடை எல்லாவற்றையும் கழற்றுங்கள். முட்டிக்குக் கால் பக்கமாகத்தான் உள்ளே அனுப்புவார்கள், அதனால் மெட்டியும் கொலுசும் நேராகக் காந்தத்தின் நடுவுக்கே போகும். சூடாகித் தோலைச் சுடலாம். வெறும் கழுத்தோடு இருக்க மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டு போகலாம். அதில் உலோகம் இல்லை.

எலும்பில் பல ஆண்டுகளாக இருக்கும் பிளேட், ஸ்க்ரூ பெரும்பாலும் தடை இல்லை. ஆபரேஷன் சீட்டை எடுத்துப் போங்கள். அதே முட்டிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ இருந்தால் அந்த இடத்தில் படம் கலங்கித் தெரியும், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இருப்பவர்கள் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும். சிப்காட்டில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எப்போதாவது இரும்புத் துகள் கண்ணில் போயிருந்தால், வருடங்கள் ஆனாலும் சொல்லுங்கள். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

எடுக்க 15 முதல் 30 நிமிடம் ஆகும். கதிர்வீச்சு கிடையாது, முட்டிக் காயத்துக்குச் சாதாரணமாக ஊசி மருந்தும் தேவைப்படாது. சத்தம் அதிகம், காதில் பஞ்சோ ஹெட்ஃபோனோ கேட்டு வாங்குங்கள். மூடிய இடம் என்றால் பயப்படுபவர்களுக்கும் முட்டி ஸ்கேன் சுலபம், பெரும்பாலும் தலை வெளியிலேயே இருக்கும். காலை அசைத்தால் படம் மங்கும், திரும்ப எடுக்க வேண்டி வரும். 3 டெஸ்லாதான் வேண்டும் என்று அலைய வேண்டாம். முட்டி லிகமென்ட், மெனிஸ்கஸுக்கு 1.5 போதும். 0.3, 0.4 டெஸ்லா திறந்த மெஷினில் சிறு கிழிசல்கள் தெளிவாகத் தெரியாமல் போகலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் வெளியைவிடக் கட்டணம் குறைவு. எங்கே எடுத்தாலும் ரிப்போர்ட்டோடு சி.டி.யையும் வாங்கி வையுங்கள். எலும்பு மருத்துவர் பார்க்க விரும்புவது படத்தை. அது இல்லாமல் போனால் மறுபடி எடுக்கச் சொல்லும் நிலை வரும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ.க்கு நாள் கிடைக்கும்வரை காத்திருக்கவே கூடாத முட்டிக் காயம் உண்டா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: உண்டு. பைக் விபத்தில் முட்டி மூட்டே விலகி, ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் தானாகவே உட்கார்ந்துவிடும். பார்த்தால் வெறும் வீக்கம் மாதிரி இருக்கும். பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். பாதம் சில்லென்று இருந்தாலோ, வெளிறினாலோ, விரல் மரத்தாலோ, பாதத்தின் மேல் நாடித்துடிப்பு இல்லாவிட்டாலோ 108ஐக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் அறுவை வசதி உள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். 6 மணி நேரம் தாண்டினால் காலை இழக்கும் ஆபத்து வேகமாக ஏறும். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக வீங்கினால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். படுத்தபடி நீட்டிய காலைத் தூக்கவே முடியாவிட்டால் சில்லு உடைந்தோ அதைப் பிடிக்கும் நார் அறுந்தோ இருக்கலாம். அதுவும் அன்றே பார்க்க வேண்டியது.

கேள்வி: என் 12 வயதுப் பையன் முட்டி வலி என்று நொண்டுகிறான். முட்டியில் வீக்கமே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (அரியாங்குப்பம்)

பதில்: முதலில் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டின் கோளாறு முட்டியில் வலியாகத் தெரியும். தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் சறுக்கிவிடும் நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். இடுப்பை உள்பக்கம் திருப்பினால் வலிக்கிறதா, பாதம் வெளிப்பக்கம் திரும்பியே இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே, அதில் தவளை போலக் காலை விரித்து எடுக்கும் படமும் சேர வேண்டும். சறுக்கல் உறுதியானால் அந்தக் காலை ஊன்றவே விடாமல் தூக்கிக்கொண்டு போய் அன்றே எலும்பு மருத்துவரிடம் சேருங்கள்.